இன்டர்வியூ முடிந்து 19 நாள் ஆகிறது. இன்னும் காத்திருக்கலாமா?

மழைச்சாரல் | 10 பிப்ரவரி 2026, காலை 11.20

வணக்கம். இத்தனை நாள் இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். முதல் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் 7 வருட அனுபவம். குழந்தைக்காக வேலையை விட்டு 3 வருடம் ஆகிறது. நவம்பரில் இருந்து மறுபடி தேடிக்கொண்டிருக்கிறேன். பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் மூன்று ரவுண்ட் நடந்தது. முதல் இரண்டும் வீடியோவில். மூன்றாவது ஜனவரி 22, நேரில். மேனேஜர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். போர்டில் நான் போட்டுக் காட்டிய டெஸ்ட் பிளானைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் ஹெச்.ஆர். வந்து, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அடுத்த வியாழனுக்குள் சொல்லிவிடுகிறோம்" என்றார். அந்த வியாழனும் போய், அதற்கடுத்த வியாழனும் போய்விட்டது.

2-ம் தேதி மெயில் போட்டேன், பதில் இல்லை. 5-ம் தேதி கூப்பிட்டேன். "ப்ராசஸில் இருக்கு மேடம்" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மிக்ஸி ஓடினால் ரிங் கேட்காது என்று சட்னி அரைப்பதைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறேன். 140-ல் ஆரம்பிக்கும் எண் வந்தால்கூடக் கை பதறுகிறது. எடுத்தால், லோன் வேண்டுமா என்கிறார்கள். மகளுக்கு நாலு வயது. ஃபோன் அடித்தாலே "அம்மா, ஆபீஸ்!" என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். நேற்று அப்படி ஓடி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்கிடையில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன கம்பெனி ஆஃபர் கொடுத்திருக்கிறது. மாதம் 14,000 ரூபாய் குறைவு. வரும் திங்கள், 16-ம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெருங்குடிக்காக இதை விட்டுவிட்டு, அதுவும் வராமல் போனால் என்ன செய்வேன்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோவைக்காரன் | 10 பிப்ரவரி, பகல் 12.05

நேராகவே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 10 வேலை நாள் தாண்டினால் அது இல்லை என்று அர்த்தம். வேண்டும் என்று நினைத்தவர்கள் மறுநாளே கூப்பிடுவார்கள். கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நிழற்குடை | 10 பிப்ரவரி, மாலை 4.40

நான் ஓ.எம்.ஆரில் பத்து வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை. கோவைக்காரன் சொல்லும் முடிவு சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியில்லை. நீங்கள் லிஃப்டில் இறங்கிப் போன பிறகு உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் மனது கொஞ்சம் அடங்கும்.

முதலில், உங்களை இன்டர்வியூ செய்தவர் தன் கருத்தை சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். அவருக்கு ரிலீஸ் வேலை இருந்தால் அதற்கே நாலைந்து நாள் ஆகும். பிறகு சம்பளக் கணக்கு. அதே டீமில் அதே அனுபவத்தோடு ஏற்கெனவே இருப்பவர் என்ன வாங்குகிறார், நீங்கள் கேட்டது அந்த வரம்புக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நிதிப் பிரிவின் ஒப்புதல். இங்கேதான் பல ஃபைல்கள் படுத்துவிடும். கிளையன்ட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்த இடத்தையே "ஹோல்ட்" செய்துவிடுவார்கள். வேறு ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால், வெளியில் இருந்து எடுக்கும் முன் அவரைப் போட முடியுமா என்று பார்க்கச் சொல்வார்கள். இப்போது பிப்ரவரி. ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும் கம்பெனி என்றால் இந்த வருட பட்ஜெட் முடியப்போகிற நேரம். "ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். இதில் எதுவும் உங்களிடம் பேசுகிற அந்த ஹெச்.ஆர். பெண்ணின் கையில் இல்லை. "ப்ராசஸில் இருக்கு" என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்கு மேல் அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பலவற்றில் நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். தேர்வானவர் அந்த 90 நாளில் கையில் உள்ள ஆஃபரைக் காட்டி இன்னும் இரண்டு மூன்று ஆஃபர் வாங்கிவிடுவார், சேரும் நாளன்று வராமல் போவார். அதனால் இரண்டாவதாக வந்தவரிடம் நாங்கள் "இல்லை" என்று சொல்லவே மாட்டோம். முதல் ஆள் வந்து சேரும்வரை இவர் காத்திருக்கட்டும் என்று வைத்திருப்போம். எங்கள் எக்செல் ஷீட்டில் ஆஃபர் கொடுத்தவர் வரி பச்சை, வேண்டாம் என்றவர் சிவப்பு, இவர்கள் மஞ்சள். சிவப்புக்காரர்களுக்குக் கடைசியில் ஒரு மெயிலாவது தானாகப் போகும். மஞ்சள்காரர்களுக்கு எதுவும் போகாது. நான் வேலையை விட்ட அன்று என் ஷீட்டில் 31 மஞ்சள் வரிகள் இருந்தன. அதில் பாதிப் பேரின் குரல் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருவரைக்கூட நான் கூப்பிடவில்லை.

மேனேஜர் உங்கள் டெஸ்ட் பிளானைப் படம் எடுத்தார் என்கிறீர்கள். நீங்கள் நன்றாகச் செய்தீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் மஞ்சளில் இருக்கலாம் என்பது என் ஊகம்.

போர்ட்டலில் "பரிசீலனையில்" என்றே காட்டுகிறது என்றால் அதை வைத்து எதையும் கணிக்காதீர்கள். பெரும்பாலும் யாராவது உள்ளே போய்க் கையால் மாற்றினால்தான் அது மாறும். அதே வேலை நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் மறுபடி வந்தாலும் பதற வேண்டாம். பழைய விளம்பரத்தைப் புதுப்பித்துப் போடுவது வழக்கம்தான்.

16-ம் தேதிக்கு முன் ஒரே ஒரு மெயில் போடுங்கள். வேறு ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். ரெக்ரூட்டருக்கு மட்டும் அனுப்புங்கள், இன்டர்வியூ செய்த எல்லோருக்கும் வேண்டாம். பதில் வராவிட்டால் ஈக்காட்டுத்தாங்கலில் சேருங்கள்.

---

ஆத்தூர் செல்வா | 10 பிப்ரவரி, இரவு 9.15

மஞ்சள் வரி என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு 54-வது நாள் கூப்பிட்டார்கள். 2023-ல். நான் அடியோடு மறந்துபோய், அப்பாவோடு மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மண். நாலு வருடம் நான் பார்த்த கம்பெனி அதுதான். அதனால் 10 நாள் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த 54 நாளில் வேறு எங்கேயும் அப்ளை செய்யாமல் இருந்தேன். அது பெரிய தப்பு. அப்போது கையிருப்பு தீர்ந்து அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். நடந்தது நல்லபடி முடிந்ததால் அந்தத் தப்பு சரியாகிவிடாது.

திருத்தம்: நாலு வருடம் என்று எழுதிவிட்டேன், மூன்றாவது வருடம்தான் நடக்கிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்கா, நீங்கள் நேரடியாக அப்ளை செய்தீர்களா, கன்சல்டன்சி வழியாகவா? கன்சல்டன்சி என்றால் அவர்களைக் கேளுங்கள். ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு. பொதுவாக வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வாய்ப்பு இருக்கிற வரை அவர்களே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று உங்கள் ஃபோனை எடுக்காமல் விட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

---

மழைச்சாரல் | 11 பிப்ரவரி, காலை 6.30

நேரடியாகத்தான் செல்வா. நிழற்குடை அக்கா, நீங்கள் எழுதியதை இரவு என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி.

ஒரே ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஹெச்.ஆர். கடைசியாக, "இந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்" என்றேன். இன்னும் ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று தினமும் அந்த இடத்திலேயே போய் நிற்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது வேறு வேறு பதில்களைச் சொல்லிப் பார்க்கிறேன்.

---

மணி_மாட்டுத்தாவணி | 11 பிப்ரவரி, காலை 8.10

அடுத்த இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமேவில் அந்த 3 வருடத்தை ஏதாவது சின்ன கம்பெனி பெயரில் காட்டிவிடுங்கள். லெட்டர் தயார் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறைய பேர் செய்கிறார்கள்.

---

நிழற்குடை | 11 பிப்ரவரி, காலை 9.00

தயவுசெய்து வேண்டாம். இப்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்பது அதில் இருக்கும். வேலையில் சேர்ந்து நாலு மாதம் கழித்துப் பொய் தெரிந்து, ஐ.டி. கார்டைக் கழற்றி வாங்கி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மழைச்சாரல், நீங்கள் சொன்ன பதில் முழுமையான பதில். குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை இல்லை என்று நினைப்பவர்கள் உங்களை மூன்றாவது ரவுண்டுக்கே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளி முதல் பக்கத்திலேயே அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

---

ஸ்காபரோ தயா | 11 பிப்ரவரி, இரவு 8.45

தங்கச்சி, கனடாவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவை வாசிக்க என்ர முதல் இரண்டு வருசம் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்துவிட்டு வந்தனான். இன்டர்வியூவில் நல்லாய்க் கதைப்பார்கள், சிரிப்பார்கள், பிறகு ஒரு சத்தமும் இராது. கிழமைக் கணக்காய்க் காத்திருந்தும், இல்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே ஒன்ராறியோவில் இந்த ஜனவரி 1 முதல் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. 25 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்கிற நிறுவனம், விளம்பரம் போட்டு ஆளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால், கடைசி இன்டர்வியூவில் இருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாச்சா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். நேரில் சொல்லலாம், எழுத்தில் சொல்லலாம், மின்னஞ்சலிலும் சொல்லலாம். அறிவித்ததற்கான பதிவை 3 வருசம் வைத்திருக்கவும் வேண்டும். விளம்பரத்திலேயே சம்பளம் எவ்வளவு என்று போடவேணும். "கனடிய அனுபவம் தேவை" என்று கேட்கவும் கூடாது. அந்த ஒரு வரியால் எங்கட சனம் எத்தனை பேர் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஃபாக்டரிக்குப் போனார்கள் தெரியுமா.

45 நாள் அதிகம்தான். என்றாலும், காத்திருக்கிறவருக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறோம் என்று ஓர் அரசாங்கம் எழுதி வைத்தது எனக்குப் பெரிய விஷயம். அங்கேயும் வரவேணும்.

---

கோவைக்காரன் | 11 பிப்ரவரி, இரவு 10.20

தயா அண்ணா, இது எனக்குத் தெரியாது. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் முதல் ஆளாக வரவேற்பேன். நான் 10 நாள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தம்பி ஒரு வேலைக்காக ஐந்து மாதம் காத்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டான். நாமே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றோடு விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன்.

---

திருச்சி 2022 | 12 பிப்ரவரி, மதியம் 1.30

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டாலும் காத்திருப்பு முடிந்துவிடாது என்பதற்கு நான் சாட்சி. 2022-ல் கல்லூரியில் கேம்பஸ் தேர்வு. கையில் லெட்டர். ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தாயிற்று. சேரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. என்னைப் போல அந்த பேட்ச்சில் ஏராளமான பேர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம், சிலர் இரண்டு வருடம். உள்ளூர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "எப்போ ஜாயினிங்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான்.

நான் கற்றுக்கொண்டது: லெட்டரில் சேரும் தேதி என்ற வரியை முதலில் பாருங்கள். "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருந்தால் தேடுவதை நிறுத்தாதீர்கள். மழைச்சாரல் அக்கா, ஈக்காட்டுத்தாங்கல் லெட்டரில் தேதி இருக்கிறதா?

---

மழைச்சாரல் | 12 பிப்ரவரி, மதியம் 2.10

இருக்கிறது தம்பி. பிப்ரவரி 23, காலை 9.30 என்று நேரம்கூடப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

---

குமரிமுனை | 12 பிப்ரவரி, இரவு 7.50

காத்திருக்கிற எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. என் அக்கா மகன் போன வருடம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டு இதேபோலத் தவித்துக்கொண்டிருந்தான். அதே கம்பெனி பெயரைச் சொல்லி ஒரு கால். "செலக்ட் ஆகிவிட்டீர்கள், லேப்டாப்புக்கு டெபாசிட் 6,500 கட்டுங்கள், முதல் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும்" என்றார்கள். அவன் நிதானமான பையன். ஆனாலும் மூன்று வாரம் எதிர்பார்த்த வார்த்தை காதில் விழுந்ததும் யோசிக்கவே இல்லை, ஜி.பேயில் அனுப்பிவிட்டான். பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான். கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்துவதற்கு. இவன் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

---

மழைச்சாரல் | 16 பிப்ரவரி, மாலை 5.30

13-ம் தேதி அந்த மெயிலை அனுப்பினேன். இன்று மதியம் 3 மணி வரை பார்த்தேன். பதில் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

அனுப்பியதும் ஒரு காரியம் செய்தேன். ஃபோனை ஜன்னலில் இருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டேன். ஊஞ்சலில் அவளை ஆட்டிக்கொண்டே இருந்தேன், கை வலிக்கிற வரை. ஜனவரி 22-க்குப் பிறகு ஃபோன் இல்லாமல் நான் வெளியே போனது இன்றுதான்.

---

நிழற்குடை | 16 பிப்ரவரி, மாலை 6.15

மனதார வாழ்த்துகள். ஒரு வேளை பின்னாடி பெருங்குடியில் இருந்து கால் வந்தால் வாய்ச்சொல்லை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள். லெட்டர் மெயிலில் வந்த பிறகுதான் பேச்சு.

---

மழைச்சாரல் | 5 மார்ச், இரவு 9.40

வந்துவிட்டது. நேற்று, 41-வது நாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது 044 எண். அதே ஹெச்.ஆர். பெண். "மேடம், இன்னும் அவெய்லபிளா இருக்கீங்களா? உடனே ஜாயின் பண்ண முடியுமா?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, முதலில் தேர்வானவர் திங்கட்கிழமை வரவில்லை என்று உண்மையைச் சொன்னார். அக்கா சொன்ன மஞ்சள் வரி!

மெயிலில் அனுப்பச் சொன்னேன். மாலையே லெட்டர் வந்தது. நான் கேட்ட சம்பளம். இரவு முழுக்க நானும் கணவரும் பேசினோம். 14,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, மகளின் ஸ்கூல் வேன் கட்டணமும் வீட்டு மளிகையில் பாதியும் அதில் வந்துவிடும். ஆனால் இங்கே என் லீட் முதல் நாளே, "மூன்று வருடத்தில் டூல்ஸ் மாறியிருக்கும், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்" என்று சொல்லி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார். இப்போது நடக்கிற ரிலீஸில் பேமென்ட் பகுதி முழுக்க என் பொறுப்பு. பத்தாவது நாளில் அவரிடம் போய் விலகுகிறேன் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

காலையில் நன்றி சொல்லி, வரவில்லை என்று பதில் எழுதிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு வரியும் சேர்த்தேன்: உங்கள் பட்டியலில் எனக்குப் பிறகு யாராவது காத்திருந்தால் இன்றே அவர்களைக் கூப்பிடுங்கள் என்று.

---

கோவைக்காரன் | 5 மார்ச், இரவு 10.05

நான் சொன்னது தப்பாகப் போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வாழ்த்துகள் சகோதரி.

---

புதுஉறுப்பினர்_நெல்லை | 9 மார்ச், காலை 10.15

அக்கா, எனக்கு இன்று 11-வது நாள். இந்த இழை முழுவதையும் படித்தேன். எனக்கும் வேறு ஓர் இடத்தில் வெள்ளிக்குள் பதில் கேட்கிறார்கள். நீங்கள் 13-ம் தேதி அனுப்பிய மெயிலில் என்ன எழுதினீர்கள்? நான் எழுதினால் கெஞ்சுவது போலவே வருகிறது.

---

மழைச்சாரல் | 9 மார்ச், மதியம் 1.20

எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. நாலு முறை அழித்தேன். கடைசியில் அனுப்பியது இங்கிலீஷில், விஷயம் இதுதான்:

"வணக்கம். ஜனவரி 22 அன்று டெஸ்டிங் பணிக்கான மூன்றாவது சுற்றில் கலந்துகொண்டேன். இந்தப் பணியில் எனக்கு இன்னும் விருப்பம் உள்ளது. வேறு ஒரு நிறுவனத்தில் இருந்து எனக்கு ஆஃபர் வந்துள்ளது, அவர்களுக்கு பிப்ரவரி 16 திங்கள் மாலைக்குள் பதில் தர வேண்டும். உங்கள் முடிவை அதற்கு முன் தெரிவிக்க முடிந்தால் உதவியாக இருக்கும். இன்னும் முடிவாகவில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். நன்றி."

தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றே அனுப்பிவிடுங்கள். வெள்ளி மாலை வந்து சொல்லுங்கள், நான் இங்கே பார்த்துக்கொண்டிருப்பேன்.